நூற்றிரண்டு தட்டு

எனக்கு மஞ்சள் நீராட்டிய அன்று எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, அப்பா, பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் மகள், எதிர்வீட்டு டீச்சர், அப்பாவோடு வேலை பார்க்கும் இரண்டு பேர், அவர்களுடைய சம்சாரங்கள், வாடகை நாற்காலியை இறக்கிவிட்டுச் சாப்பாட்டுக்காக நின்றுகொண்ட ஒருவர். அவ்வளவுதான். வீடியோக்காரர் வரவில்லை. கூப்பிட்டால்தானே வருவார். வந்தே ஆகவேண்டிய ஒருத்தர் மட்டும் இன்னும் வரவில்லை. அது மாமா.

இதே பெரியம்மா மகளுக்கு அந்த வருடம் தை மாதம் நடந்தபோது யார் யார் வந்தார்கள் என்று என்னால் எழுத முடியாது. மண்டபம் கொள்ளவில்லை. அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள், ஆகவே எல்லாமே அவளுக்குத்தான் முதலில். புதுச் செருப்பு அவளுக்கு, அது தேய்ந்த பிறகு எனக்கு. ஆனால் மாமா மட்டும் பொது. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தானே. பெரிய மார்க்கெட்டில் பூக்கடை வைத்திருந்தார். ஆளோடு பேசிக்கொண்டே, கையைப் பார்க்காமலே, முழம் முழமாகக் கட்டித் தள்ளுவார்.

அவளுக்கு அவர் கொண்டுவந்தது ஐம்பத்தோரு தட்டு சீர். இரண்டு டெம்போவில் வந்து இறங்கியது. ஆப்பிள், முந்திரிக் கேக், வளையல், பட்டுப்பாவாடை என்று வரிசையாகப் போய், ஒரு தட்டில் சுவர்க் கடிகாரம், ஒன்றில் குக்கர், ஒன்றில் கிரிக்கெட் மட்டை. மட்டை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. குதிரை வண்டி வேறு. அதற்கு முந்தைய ஒரு வாரம் மாமா தூங்கவே இல்லை என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தாள். பாசம் என்று எல்லாரும் மெச்சினார்கள். பேண்டு வாத்தியத்துக்கு முன்னால் சட்டை நனைய ஆடிவிட்டு, ஆளுயர மாலையை அவளுக்குப் போட்டார். பிறகு மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"அடுத்தது எங்க சின்னக்கா பொண்ணு! அவளுக்கு இதுக்கு டபுள்! நூத்தி ரெண்டு தட்டு! மாமன் சொன்னா சொன்னதுதான்!"

கடைசிப் பந்தியில் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்த என்னை மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதுவரை வயிற்றில் கனன்றுகொண்டிருந்த பொறாமை அந்த ஒரு நிமிடம் அணைந்தது. மேடையில் இருந்தவள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அந்த நிமிடத்துக்காக எத்தனை அப்பளம் வேண்டுமானாலும் விட்டுக்கொடுத்திருப்பேன். மறுநாளிலிருந்து சீக்கிரம் பெரியவளாக வேண்டும் என்று பிள்ளையாரிடம் வேண்டத் தொடங்கினேன். இப்படி ஒரு வேண்டுதலை அவர் எங்கும் கேட்டிருக்கமாட்டார்.

ஆவணியில் பிள்ளையார் செவிசாய்த்தார். ஆனால் மாமா அதற்குள் வேறு ஆளாகியிருந்தார்.

சித்திரை போனதிலிருந்து கடை திறக்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தபடிதான். கூப்பிட்டால் திரும்பமாட்டார், சோறு வைத்தால் ஆறிப்போகும். கண்ணு பட்டுடுச்சு என்று பெரியம்மா பூசணிக்காய் சுற்றினாள். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை.

"கண்ணுமில்ல ஒண்ணுமில்ல. கடன்காரனுக்குப் பயந்து படுத்துங்கிறான் உன் தம்பி."

"அவன் இன்னா உன் வூட்டுக் காசையா செலவு பண்ணான்?" என்பாள் அம்மா. பிறகு அடுப்படியில் போய் அழுவாள்.

நான் வேறொரு கணக்குப் போட்டிருந்தேன். மாமாவிடம் இருந்த பாசம் ஒரு குடம். அவ்வளவையும் பெரியம்மா மகள் தை மாதத்திலேயே குடித்துத் தீர்த்துவிட்டாள். எனக்குக் காலிக் குடம். செருப்பு மாதிரியேதான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம். மாமன் மாலை போட்டால்தான் தலையில் தண்ணீர் ஊற்றலாம். நான் மணையில் உட்கார்ந்து கால் மரத்துப்போயிருந்தேன். அப்பா நாற்காலிக்காரரைக் காட்டி, "இவரு யாருக்காவது மாமன்தானே, போடச் சொல்லு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியம்மா மகள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"தட்டு வைக்க எடம் பத்துமாடி?"

அதை அவள் கேட்ட குரல் எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது.

நாலு மணி தாண்டி மாமா வந்தார். அத்தை அவர் முழங்கையைப் பிடித்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறி மாட்டியிருந்தது. அவர் கையில் ஒரு தட்டு. நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன். டெம்போ நிற்குமோ என்று தெருமுனை வரைக்கும் பார்த்தேன்.

ஒரே ஒரு தட்டுதான். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு முழம் மல்லி. அந்த மல்லியாவது ஒழுங்காக இருந்ததா? நெருக்கமில்லாமல், நடுநடுவே நார் தெரிய, முதன்முதலாகப் பூ கட்டப் பழகுகிற பிள்ளை கட்டியதுபோல இருந்தது. அம்மா அதை என் தலையில் கடைப்பூவுக்கு அடியில் வெளியே தெரியாதபடி வைத்தாள். மாலை அம்மா வாங்கி வைத்திருந்தது. அதை என் கழுத்தில் போடுவதற்குள் மாமா இரண்டு தடவை கையை இறக்கி ஏற்றினார்.

"மாமா வந்துட்டேன்ல" என்றார்.

அவ்வளவுதான். ஆட்டமில்லை, மைக்கில்லை. சாப்பிடக்கூட உட்காராமல் அத்தையோடு திரும்பிவிட்டார். எனக்குத் தண்ணீர் ஊற்றும்போது நான் அழுதது யாருக்கும் தெரியவில்லை. அதற்கு அந்தச் சடங்கு வசதியானது.

அதன் பிறகு பல வருடம் மாமா ஏறுவார், இறங்குவார். ஏறினால் கடனாகும், இறங்கினால் கடை மூடும். நான் எட்டாவதோடு நின்று, தையல் பழகி, கல்யாணமும் ஆன பிறகு, ஒரு நாள் அவர் நோணாங்குப்பத்தில் இருந்த படகையெல்லாம் வாடகை பேசிவிட்டு, பூ மார்க்கெட்டையே பீச்சுக்கு அழைத்துப்போகக் கிளம்பினார். அப்போதுதான் எதிர்வீட்டு டீச்சர் சொன்னார், இது சேட்டையுமில்லை, சோம்பலுமில்லை, காட்டுங்கள் என்று. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அதற்கு ஒரு பேர் இருந்தது. பைபோலார். மனசு மேலே போனால் நிற்கத் தெரியாது, கீழே போனால் எழத் தெரியாது, இரண்டும் ஒரே வியாதி என்றார் டாக்டர். மாத்திரையைப் பாதியில் விடக்கூடாது, அவ்வப்போது ரத்தம் சோதிக்க வேண்டும்.

அங்கே பெஞ்சில் மாமாவின் முறைக்காகக் காத்திருந்தபோது, வியாதி இன்னதென்று தெரிந்தபின்னும் அடங்காத என் பழைய பொறாமையோடு அத்தையிடம் கேட்டே விட்டேன். "அவளுக்கு அம்பத்தோரு தட்டு. எனக்கு நார் தெரியிற ஒரு முழமா, அத்த?"

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை.

"அவளுக்குச் செஞ்சப்ப அவருக்கு ஒண்ணும் கஷ்டமில்லடி. ஓடுற தண்ணி மாதிரி ஓடிச்சு. எங்க அம்மா போட்ட செயினும் அதுலதான் போச்சு. உனக்கு அந்த ஒரு முழம் கட்ட விடியக்காலையில உக்காந்தாரு. ரெண்டு பூ வைப்பாரு, அப்படியே நிறுத்திப்பாரு. நான் கட்டறேன்னு சொன்னா கையைத் தட்டி வுட்டாரு. மத்தியானம் ஆயிடுச்சு முடிக்க. ரெண்டு வாட்டி தெருமுனை வரைக்கும் வந்து, முடியலன்னு திரும்பிப் போனோம். மூணாவது வாட்டிதான் உங்க வூட்டு வாசலுக்கு வந்தோம்."

மணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவள் தெருமுனையைப் பார்த்தது டெம்போவுக்காக.

மாமா இப்போது மார்க்கெட்டில் இன்னொருவர் கடையில் பூ கட்டுகிறார். பழைய வேகம் இல்லை, கை லேசாக நடுங்கும். மாத்திரைக்கு அப்படித்தான் என்கிறார்கள். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து தையல் மெஷின் மேல் இருநூறு ரூபாயை வைத்தார்.

"இன்னா மாமா இது?"

"ஒரு தட்டு. நூத்தி ரெண்டு சொன்னேன்ல? மாசத்துக்கு ஒண்ணு."

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. சம்பளம் வாங்கிய மறுநாள் வந்துவிடுவார். பிரான்ஸில் இருக்கிற பெரியம்மா மகள் போனில் குறைப்பட்டுக்கொண்டாள்: "மாசாமாசம் உன் வூட்டுக்குத்தான் வராரு. எனக்கு ஒரு போன்கூட இல்ல." அன்றைக்கு நான் இரண்டு பிளவுஸ் கூடுதலாகத் தைத்தேன்.

போன வருடம் ஒரு நாள் இரண்டாயிரத்தை எடுத்து நீட்டி, "பத்து தட்டு! மொத்தத்தையும் அடுத்த வாரமே முடிச்சுடறேன், குதிரை வண்டிக்குக்கூட சொல்லிட்டேன்" என்றார். கண் பளபளவென்றிருந்தது. ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அவர் சட்டைப்பையில் திணித்தேன். அவரை உட்காரவைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் அத்தைக்குப் போன் போட்டேன். மாத்திரையை ஒளித்து வைத்திருந்தாராம். அன்றைக்கே கதிர்காமம் போனோம்.

அதிலிருந்து இருநூறுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. மாசம் பிறந்தால் வாசலைப் பார்த்தபடியே தைக்கிறேன். செருப்புச் சத்தம் நிதானமாக வருகிறதா, வேகமாக வருகிறதா என்று காது அங்கேயே இருக்கும். நேற்று நிதானமாகத்தான் வந்தார். நாற்பத்தாறாவது தட்டு. தண்ணீர் குடித்தார், போனார்.

இன்னும் பதினோராயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.