டீமேக்கர் தேடிப்போன மத்தி

இதை எழுதலாம் என்று பிஸ்மி சொல்லி உட்கார்ந்து, முதல் வரியோடு எழுந்துபோன நாட்கள் எத்தனையோ. எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. ஆனால் கை தயங்கியதற்குப் படிப்பு காரணமில்லை. எங்கள் குடும்பத்தில் என் தகப்பனாரான அத்தாவைப் பற்றி ஒரு சிரிப்புக் கதை உண்டு. கல்யாண வீடு, பெருநாள் என்று நாலு பேர் கூடினால் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். சிரிக்கிற முகங்களைப் பார்த்து "அப்படியில்லை" என்று சொல்ல மனம் வராமலேயே காலம் போய்விட்டது. போன மாதம் என் மகன் எங்களை எல்லாம் கோழிக்கோட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப்போனான். சின்ன வயதில் நான் ஆசை ஆசையாய்ப் போன இடம். பொரித்த மத்தியும் கல்லுமக்காய்ச் சிப்பியும் தட்டுத் தட்டாக வந்தன. மகன் தன் நன்னாவை, அதாவது என் அத்தாவைப் பற்றி மருமகளிடம் சொன்னான்: "எங்க நன்னா பெரிய கில்லாடி. தொரை லீவு குடுக்கலைன்னு தேயிலைப் பொட்டியில மீன் நாத்தத்த ஏத்தி, வேலையத் தொலைச்சுட்டு, குடும்பத்தோட ஜாலியா இங்க வந்துட்டாரு." மருமகளுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. என் தட்டில் மத்தி ஆறிப்போயிற்று. வீடு திரும்பிய மறுநாள் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தவள், அல்லாஹ்வின் உதவியால் இந்த முறை எழுந்திருக்கவில்லை.

அத்தா பந்தலூர்ப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்தில் டீமேக்கராக இருந்தார். பறித்த கொழுந்து வாடுவது முதல் தூளாகிப் பெட்டிக்குள் போவது வரை ஃபேக்டரியில் எல்லாம் அவர் பொறுப்பு. தேயிலைத்தூள் பக்கத்தில் இருக்கிற வாசனையை எல்லாம் தன்மேல் இழுத்துக்கொள்ளும். அதனால் ஃபேக்டரி வாசலில் அத்தா ஒரு காவல்காரரைப் போல நிற்பார். பீடி, வெங்காயம், வாசனை எண்ணெய் ஒன்றும் உள்ளே போகக்கூடாது. தூளிலிருந்து காம்பு பொறுக்க வரும் பெண் ஒருத்தி மல்லிகை வைத்துக்கொண்டு வந்தால், "ஏம்மா, சீமையில தொரைசானி டீ குடிக்கையில உன்ற கொண்டையையும் சேத்துக் குடிக்கோணுமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், பூ வாசலிலேயே தங்கிவிடும். வேலை நாட்களில் அவர் பூண்டு தின்னமாட்டார், மீனும் தொடமாட்டார். நாக்கு கெட்டுவிடும் என்பார்.

அந்த விரதமெல்லாம் தை மாதத்துப் பனியோடு முடியும். கொழுந்து குறைகிற அந்த நாட்களில் அவருக்குச் சில நாள் லீவு கிடைக்கும். நாடுகாணி வழியாகக் கீழே இறங்கி, கோழிக்கோட்டில் கடற்கரைக்குப் பக்கத்தில், நாங்கள் இத்தா என்று கூப்பிட்ட ஒரு மலபார் மாப்பிள்ளை முஸ்லிம் பெண்ணின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்குவோம். அத்தா, அம்மா, நான், தம்பி. காலையில் தோணிகள் கரையேறும்போதே அம்மா போய் நிற்பாள். மீன்காரர் மலையாளத்தில் விலை சொல்வார், அம்மா தமிழில் சண்டை போடுவாள், இரண்டு பேரும் கடைசியில் சிரித்துக்கொண்டுதான் பிரிவார்கள். மிளகும் மஞ்சளும் அரைத்துத் தடவி, மத்தியைத் தேங்காய் எண்ணெயில் போட்டால் அறை முழுக்க மணக்கும். தோட்டத்தில் கேலி பேசினாலும் தான் சிரிக்காத அத்தா, முள்ளைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவைத்து, "இன்னொண்ணு போடு புள்ள, நாக்குக்கு லீவு விட்டாச்சல்ல" என்பார். அம்மாவுக்கு மலையில் எப்போதும் மூச்சு இழுப்பு உண்டு. அங்கே வந்தால் அது எங்கே போகுமென்றே தெரியாது. ஈர மணலில் தம்பியைத் துரத்திக்கொண்டு ஓடுவாள்.

பிறகு உலகச் சண்டைக்காலம் வந்தது. பெரியதுரை பட்டாளத்துக்குப் போய்விட்டார். சின்னதுரை இளவயதுக்காரர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன், அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி. பட்டாளத்துக்குத் தேயிலை போயாக வேண்டும், டீமேக்கருக்கு லீவு கிடையாது என்றுவிட்டார். அடுத்த தையிலும் அதே பதில். அதற்குப் பின் வந்த மழையில் அம்மா நோயில் விழுந்துவிட்டாள். பந்தலூர் மழையை அறிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுவர் வியர்க்கும், பாய் நனையும், அடுப்பு எரியாது. அம்மாவால் படுக்க முடியாது. படுத்தால் மூச்சு நின்றுவிடும்போல இருக்கும். துணி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குவாள். ஒரு வாக்கியம் பேச நடுவில் மூன்று இடத்தில் நிற்பாள். தோட்டத்து ஆஸ்பத்திரி கம்பவுண்டர் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, "கீழ எறக்கிடுங்க பாய். இந்த மழைய இவங்க தாண்டறது செரமம்" என்றார்.

எப்படி இறக்குவது? வேலையை விட்டால் வீட்டை விடவேண்டும், வீடு தோட்டத்துடையது. அம்மாவை மட்டும் அனுப்பலாம் என்றால் அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை, அரிசியே கிடைக்காத காலத்தில் இரண்டு இடத்தில் உலை வைக்கவும் வழியில்லை. மேலே மூச்சில்லை, கீழே பிழைப்பில்லை. தொழுது முடித்த பிறகும் எழுந்திருக்காமல் அத்தா பாயிலேயே உட்கார்ந்திருப்பார். உள்ளே அம்மாவின் நெஞ்சு பூனை மாதிரி கத்திக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அவருக்கு ஒன்று தோன்றியது. "கடல்ல என்ன இருக்குது? காத்தும் மீனும். காத்தக் கொண்டார முடியாது. மீனக் கொண்டாரலாமல்ல?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவும் தலையாட்டினாள். நாங்களும் நம்பினோம். கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். எங்களுக்கோ, கடற்கரைக்குப் போனால் மீன் தின்போம், மீன் தின்றால் அம்மா ஓடுவாள், அவ்வளவுதான் கணக்கு.

கோழிக்கோட்டுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவர் ஒருவரை அத்தா பிடித்தார். அவர் பெரிய கேலிக்காரர். "மலை உச்சியில இருந்துட்டு மீனு வேணும்னா எப்படி டீமேக்கரே? கடலயே ஒரு குப்பியில அடைச்சுக் கொண்டு வரட்டா?" என்றார். அத்தா சிரிக்கவில்லை. "முடியுமாங்க?" என்று கேட்டார். அந்த டிரைவரின் முகம் மாறியதை நான் பார்த்தேன். அடுத்த நடையில் மீனோடு, நிஜமாகவே ஒரு பாட்டிலில் கடல் தண்ணீரும் வந்தது. அத்தா அதை அடுப்பில் கொதிக்கவைத்து, அம்மாவின் தலைமேல் போர்வை போட்டு ஆவி பிடிக்கச் சொன்னார். அம்மா இருமி இருமி, "உப்பு வாசம் வருதுங்க... நல்லாத்தான்... இருக்குதுங்க" என்றாள். அவருக்காகத்தான் சொன்னாள் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

மீன் வந்தது ஒரு பழைய தேயிலைப் பெட்டியில். உள்ளே ஈயத்தகடு ஒட்டியிருப்பதால் பனிக்கட்டி உருகினாலும் ஒழுகாது. மீனை எடுத்த பிறகு அத்தா பெட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவி, வீட்டின் பின்பக்கம் கவிழ்த்துவிடுவார். ஃபேக்டரிக்குப் போகும் முன் தன்னையும் அப்படித்தான் தேய்த்துக் கழுவிக்கொள்வார். ஃபேக்டரிக்குப் போடும் சட்டையை, மீன் வாடை இருந்த அம்மாவின் அறைப் பக்கமே கொண்டுவர மாட்டார். அவ்வளவு கவனமாக இருந்தவரின் கண்ணுக்கு ஒன்று தப்பிவிட்டது. சண்டையால் புதுப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு. எங்கே பழைய பெட்டி கிடந்தாலும் பொறுக்கிவரச் சொல்லி உத்தரவு. மழை விட்ட ஒரு காலையில், பெட்டி அடைக்கிற ஆள் எங்கள் வீட்டுப் பின்பக்கம் போனவர், தோட்டத்து முத்திரை போட்ட பெட்டி வெயிலில் காய்வதைப் பார்த்து நல்ல மனதோடு தூக்கிப்போய்விட்டார்.

அடுத்து நடந்ததை, காம்பு பொறுக்கும் பெண் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னாள். சரக்கு அனுப்பும் முன் சின்னதுரை பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறார். ஒரு பெட்டியை முகர்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை ஒட்டி அடுக்கியிருந்த பெட்டிகளிலும் வாடை ஏறியிருந்தது. "மீன் யார் கொண்டுவந்தது?" என்று கத்தினார். மத்தியானச் சோற்றுக்குக் கருவாடு கொண்டுவந்து வாசலுக்கு வெளியே வைக்கிறவர்கள் காம்பு பொறுக்கும் நாலு பெண்கள்தான். நாலு பேரையும் நிறுத்தி, அவர்களையும் அவர்கள் குடும்பத்தையும் அன்றைக்கே லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அத்தா அங்கேதான் நின்றிருந்தார். அவர்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த ஃபேக்டரியில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள் அவர். கிட்டப் போய்ப் பெட்டியை முகர்ந்தாராம். பிறகு, "அவங்க மேல குத்தமில்லீங்க தொரை. அது எங்க ஊட்டு மீனுங்க. பொட்டியும் எங்க ஊட்டுப் பொறத்தால காஞ்ச பொட்டிதானுங்க" என்றாராம். துரை, "நீயா? டீமேக்கரா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். பிறகு அந்தப் பெண்களை விட்டுவிட்டு, வேலையையும் வீட்டையும் விட்டுப் போகும் உத்தரவை அவருக்கே போட்டாராம்.

அத்தா வீட்டுக்கு வந்தபோது அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "வாய மூடிட்டு... இருந்திருக்கக் கூடாதுங்களா?" என்றாள்.

"அந்தப் பொம்பளைங்க மழையில புள்ளைங்களக் கூட்டிட்டு எங்க போவாங்க?"

"அப்ப... நம்ம புள்ளைங்க?"

அத்தா வெளியே போய்க் கைகால் கழுவி ஒளூச் செய்துவிட்டு வந்து தொழுகைக்கு நின்றார்.

அதே டிரைவர்தான் எங்களைக் கீழே இறக்கினார். அம்மாவை முன்னால் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். நாங்கள் மூன்று பேரும் தார்ப்பாய்க்குள் மூட்டைகளின் மேல். வழியெல்லாம் அவர் ஒரு கேலியும் பேசவில்லை. நிலம்பூரைத் தாண்டியதும் அம்மா தம்பியைப் பற்றி நடுவில் நிற்காமல் ஏதோ கேட்டாளாம். மழைச் சத்தத்தில் அவரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இறங்கும்போதுதான் சொன்னார்.

கோழிக்கோட்டில் இறங்கினால், அது எங்கள் கடலே இல்லை. நாங்கள் தை மாதத்துக் கடலை மட்டுமே பார்த்தவர்கள். இது கறுத்து, மண்ணைக் கரைத்துக்கொண்டு, தென்னைமரம் வரைக்கும் ஏறிவந்து அறைந்தது. தோணிகளெல்லாம் கரையில் ஓலை போர்த்திக் கவிழ்ந்து கிடந்தன. எங்களைப் பார்த்ததும் இத்தாவுக்குச் சந்தோஷம், ஆச்சரியம், பிறகு சிரிப்பு. "என்றெ டீமேக்கரே, கர்க்கடக மாச மழையிலயா மீனு தின்ன வந்தது? இப்ப தோணி எறங்குமா? எங்களுக்கே கருவாடுதான்!" அத்தா கடலைப் பார்த்தபடி நின்றார். மீனுக்காக வேலையை இழந்து, மீனைத் தேடி வந்து, மீனில்லாத கடலின் முன்னால் நின்ற அந்த முகத்தை நான் மறக்க அல்லாஹ் எனக்கு வரம் தரவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டில் இருக்கவில்லை. மழையில் நனைந்துகொண்டே கரையோரம் போவார். அங்கே கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, இங்கே ஒருவன் வலை வீசினான் என்று யார் சொன்னாலும் ஓடுவார். வெறுங்கையோடு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் துணி மாற்றிக்கொண்டு மறுபடியும் போவார். இத்தா கஞ்சியும் சுட்ட கருவாடும் அம்மாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மத்தியானம், தொழுகைக்குக்கூடப் பள்ளிவாசலுக்குள் போகாமல் வெளியிலேயே தொழுதுவிட்டு எங்கேயோ வெகுதூரம் நடந்து, ஒரு தேக்கிலைப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஏழெட்டு மத்தி. நான் வாசலில் அவரைத் தடுத்து, வாயில் விரல் வைத்துக் காட்டினேன். உள்ளே அம்மா பாயில் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூட்டை எட்டத்தில் கிடந்தது. நெஞ்சு சத்தமில்லாமல் ஏறி இறங்கியது.

அத்தா சொட்டச் சொட்ட நின்று அதையே பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "மீன் இல்லாமயேவா, கண்ணு?"

மீன் இல்லாமலேயேதான். மலையை விட்டு இறங்கியதுதான் மருந்து. அவர் தன் நாக்கையும் பேரையும் வீட்டையும் கொடுத்து வாங்கிய மீனுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அம்மா எழுந்ததும் அந்த மத்தியைப் பொரித்தாள். எல்லோரும் ஒரே தட்டில் தின்றோம். அம்மா ஆசையாகத் தின்றாள், தம்பி தலையைக்கூட விடவில்லை. அத்தாவும் தின்றார். அதைவிட ருசியான மீனை நான் இன்றுவரை தின்றதில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆனால் தேயிலை தெரிந்த நாக்குக்குக் கடற்கரையில் என்ன வேலை? மரக்கிடங்கில் தூக்கிப்பார்த்தார், உடம்பு ஒத்துவரவில்லை. மழை முடியும்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் சின்ன வேலை கிடைத்தது. அம்மாவை இத்தாவிடம் விட்டுப்போகிறேன் என்று கெஞ்சினார். "நீங்க மேல, நான் கீழன்னா எனக்கு இந்த மூச்சு எதுக்குங்க?" என்று அவளும் ஏறிவிட்டாள். அடுத்த மழைக்காலத்தை அவள் தாண்டவில்லை. அத்தா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். கடலைப் பற்றிப் பேசியதில்லை.

என் பிள்ளைகளே, இதைப் படிக்கிற மற்றவர்களே, நீங்களும் யாரிடமாவது சொன்னால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அவர் வேண்டுமென்றே தேயிலையைக் கெடுத்தார் என்று சேர்க்காதீர்கள். அவரைப் பெரிய மகான் என்றும் சேர்க்காதீர்கள். அவர் பயந்துபோன மனிதர். அம்மா பிழைத்துக்கொண்டாள் என்று நல்லபடியாக முடித்துவிடவும் வேண்டாம். ஒரு மழைநாள் மத்தியானம், அந்தக் கடற்கரையில், அவள் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அதற்கும் அல்லாஹ்வுக்கே புகழ்.