மால்மோவில் குடியேறிய பவானி அக்கா

இன்று பின்னேரம் ஒரு பிறந்தநாள் விழாவுக்காகக் கோப்பன்ஹேகனிலிருந்து மால்மோவுக்கு ரயிலேறினேன். எதிர் இருக்கையில் முன்பு எங்கள் தெருவில் இருந்த பவானி அக்கா.

"என்னக்கா, சுவீடனுக்கு ஷொப்பிங்கோ?"

"இல்லையடி பிள்ளை, வீட்டை போறன்."

இருபது வருடங்கள் இருந்த கட்டடத்தைப் புதுப்பித்தார்களாம். ஏறிய வாடகை கட்டுப்படியாகாமல், டென்மார்க்கையும் சுவீடனையும் இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம், மால்மோவுக்குப் போய்விட்டாராம்.

"அப்ப வேலை?"

"அதே துப்புரவு வேலைதான். கொம்பனி இப்ப என்னை அந்தக் கட்டடத்துக்குத்தான் அனுப்புது. என்ர பழைய வீட்டு வாசல் படியை நான்தான் கழுவுறன்."

அவர் சிரித்தார்.

"கதவு திறந்திருந்தா எட்டிப் பார்ப்பன். சமைக்கிற குசினியை வடிவாச் செய்திருக்கினம்."



இதை வாசிப்பவர்களில் யார் யார் இன்னும் கோப்பன்ஹேகனில் மிச்சம்? கொஞ்சம் கையைத் தூக்குங்கள்.