சிவரஞ்சனி கேட்டு வாங்கிய இரண்டு எண்கள்

கோட்டைப்பட்டினத்துச் சிவரஞ்சனி விசைப்பலகையைத் தட்டினால் கடலில் மீன்கள் வரிசை கட்டி வந்து வலையில் ஏறும் என்று அவள் அம்மா அழகம்மாள் மார்க்கெட்டில் சொல்லித் திரிவாள். பாதியைத் தள்ளிவிடுங்கள். மீதிப் பாதி மெய். மீன் ஏலம் நடக்கும் செயலியை வீட்டிலிருந்தே ஓட்டுகிறவள் அவள்தான். திருமயத்து வியாபாரி கடைவாசலில் காபி குடித்தபடி இங்கே வந்திறங்கும் நண்டுக்கு விலை கேட்பது அவள் புண்ணியம்.

அந்தச் செயலி கன்டெய்னர்களில் ஓடுகிறது. மீனை ஐஸ்பெட்டியில் அடைப்பதுபோல, நிரலை அடைத்து வைத்த பெட்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டி எந்தக் கணினியில் ஓட வேண்டும் என்று மேய்ப்பது எங்கோ இருக்கும் சர்வர். அதற்கு ஆணை சொல்வது, அவளுடைய லேப்டாப்பில் இருக்கும் கிளையன்ட் என்கிற சின்னக் கருவி.

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கரை திரும்பும் முதல் காலை அது. "மொத படகு வரும்போது ஏலம் தெறந்திருக்கும்" என்று மீனவர் சங்கத்தில் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தாள். உறங்க வைத்திருந்த பெட்டிகளை எழுப்ப ஆணை கொடுத்தாள். நீ கேட்பது என்னிடம் இல்லை என்றது சர்வர். மறுபடி கொடுத்தாள். அதே பதில்.

ஏலக்காரர் இன்னாசி வாசலில் வந்து நின்றார்.

"என்னத்தா, படகு கண்ணுக்குத் தெரிஞ்சிருச்சு. ஒன் பொட்டி முழிச்சிச்சா, இல்ல இன்னும் கொறட்ட விடுதா?"

"முழிச்சிரும் மாமா. நீங்க போயி மணிய எடுத்து வைங்க."

செயலி நிறுவனத்தின் சென்னை அலுவலகத்து மூத்த பொறியாளர் ரகுநாத் போனில் இருந்தார். "சர்வர்தான் கெட்டிருக்கும்னு தோணுது. அழிச்சிட்டுப் புதுசா கட்டிருவோமா?"

"கட்டி முடிக்கிறதுக்குள்ள இங்கிட்டு மீனெல்லாம் கருவாடாயிரும் சார். செத்த இருங்க."

மூன்றாம் முறை ஆணை கொடுக்காமல், கிளையன்டும் சர்வரும் எந்த வெர்ஷன் என்று மட்டும் கேட்டாள். இரண்டு எண்கள் வந்தன. கிளையன்ட் 1.34. சர்வர் 1.29.

புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணில் இரண்டுக்கும் இடையில் ஒரு படி முன்னே பின்னே இருக்கலாம். அதற்கு மேல் விலகினால், புதியது கேட்பது பழையதற்குப் புரியாமல் போகலாம். இங்கே ஐந்து படி!

எப்படி விலகியது? முந்தின நாள், கடலுக்குக் கிளம்பும் முன், ஊரே படகுகளுக்குப் பெயின்ட் அடித்து, இன்ஜினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆவேசத்தில் இவளும் லேப்டாப்புக்குப் பொட்டு வைத்து, உள்ளே இருந்த கருவிகளை ஒன்று விடாமல் புதுப்பித்துவிட்டாள். கிளையன்ட் துள்ளிப் பாய்ந்துவிட்டது. சர்வர் நின்ற இடத்திலேயே நின்றது.

"சர்வர் மேல தப்பில்ல சார். நாந்தான் நேத்து லேப்டாப்புக்குப் பொட்டு வச்சு எல்லாத்தையும் புதுசாக்கிட்டேன்."

"தேங்காயும் ஒடச்சீங்களா?" என்றார் ரகுநாத்.

"அம்மா ஒடைக்கத்தான் வந்துச்சு. லேப்டாப் மேலயே ஒடைக்கப் பாத்துச்சு. நாந்தான் தடுத்தேன்."

சர்வருக்குப் பொருந்தும் பழைய கிளையன்டை இறக்கினாள். மறுபடி வெர்ஷன் கேட்டாள். இரண்டும் 1.29. ஆணை கொடுத்தாள். பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் விழித்தன.

படகு கரை தட்டியது. இன்னாசியின் மணி கணீரென்று அடித்தது. முதல் கூடை நண்டுக்குத் திருமயம் விலை சொன்னது, மதுரை அதை மிஞ்சியது, ஏலக்கூடத்தில் நின்றிருந்த உள்ளூர்க்காரர்கள் மீசையை முறுக்கிக்கொண்டு இன்னும் மேலே ஏற்றினார்கள்.

அன்று மத்தியானம் ரகுநாத் மறுபடி கூப்பிட்டார்.

"சர்வரையும் ஒவ்வொரு படியா மேல கொண்டுவரணும். இனிமே அதுவும் உங்க பொறுப்பு. எப்பச் செய்யலாம்?"

"படகு வராத நாளாப் பாத்து நாஞ்சொல்றேன் சார். அதுவரைக்கும் அங்கிட்டு யாரும் கை வைக்கக் கூடாது."

"சரிங்க" என்றார் ரகுநாத். அன்றிலிருந்து சென்னை அலுவலகம், கோட்டைப்பட்டினத்துப் படகுகள் கரை திரும்பாத நாளைச் சிவரஞ்சனியிடம் கேட்டுத்தான் சர்வர் வேலையை வைத்துக்கொள்கிறது.