அத்தை கொடுத்த பெயர்

என் தங்கையின் பெயரை இணையத்தில் தட்டிப் பார்த்தால் அது சம்ஸ்கிருதப் பெயர் என்று ஒரு தளம் சொல்லும். இமயத்தின் மகள் என்று பொருளாம். இன்னொரு தளம் அரபு என்கிறது. வேறொன்று, மாயையை வென்றவள் என்று பொருள் சொல்லி, இந்தப் பெயர் உள்ளவர்களுக்கு எந்த நிறம் ராசி, எந்தத் தொழில் ஒத்துவரும் என்பது வரை போட்டிருக்கிறது. அரிதான நவீனப் பெயர் என்பதில் மட்டும் எல்லாத் தளங்களுக்கும் ஒரே கருத்து. இவற்றையெல்லாம் யார் உட்கார்ந்து எழுதுகிறார்களோ தெரியவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இமாயா என்ற பெயர் வடகரையில், என் அத்தை வீட்டு அடுக்களையில் பிறந்தது.

அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை. தென்காசியிலிருந்து வடகரைக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமா பட்டாளத்தில் இருந்தார். வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் வடக்கே எங்காவது ஒரு முகாமில் இருப்பார். கல்யாணமாகி வெகுகாலமாகியும் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஒவ்வொரு முழுப்பரீட்சை லீவுக்கும் நான் வடகரைக்குப் போய்விடுவேன். அங்கே சண்டைக்கு ஆளில்லை, தின்பண்டத்துக்குப் பங்குக்காரர் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கதைக்காக அவர்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அத்தை இசக்கியம்மாள். மாமா மாயாண்டி. எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் மைக்கில் கூப்பிட்டால் நான்கு பேர் எழுந்து நிற்கிற பெயர்கள். பட்டாளத்தில் வடக்கத்திக்காரர்களுக்கு மாயாண்டி என்பது வாயில் நுழையவில்லை. மாயா என்று சுருக்கிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் அது பெண்பிள்ளைப் பெயராம். காலையில் வரிசையில் நிற்கும்போது மாயா என்று கூப்பிட்டால் மீசையை முறுக்கிக்கொண்டு மாமா முன்னால் வருவாராம். லீவில் வந்து இதைச் சொல்லி எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்ததும் அவர்தான். அந்த மாயாவுக்கு முன்னால் அத்தை தன் பெயரிலிருந்து ஓர் 'இ'யை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இமாயா. அவ்வளவுதான் அதன் பூர்வீகம். இமயமும் இல்லை, அரேபியாவும் இல்லை.

அத்தை ஸ்கூட்டி ஓட்டுவாள். ஏடிஎம்மில் பிறர் உதவியில்லாமல் பணம் எடுப்பாள். ஆனால் புருஷன் பெயரை மட்டும் வாயால் சொல்லமாட்டாள். வங்கியில் கணவர் பெயர் என்ன என்று கேட்டால் என் முதுகில் இடிப்பாள், நான் சொல்லவேண்டும். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டே இமாயா என்ற பெயரை என் காதில் போட்டாள்.

"பொம்பளப் பிள்ளை பிறந்தா இதான் பேரு. நாள் பூரா, ஏட்டி இமாயா, ஏட்டி இமாயான்னு கூப்பிடுவேன். அவுக பேரையும் கூப்பிட்ட மாதிரி ஆச்சுல்லா? யாரு என்ன கேக்க முடியும்? உங்க மாமாவத் தவிர யாருக்கும் தெரியாது, நீ யார்ட்டயும் சொல்லிராத."

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து இமாயா எனக்கு ஓர் ஆள் ஆகிவிட்டாள். வருவதற்குக் கொஞ்சம் தாமதமாகிறது, மற்றபடி வந்துவிடுவாள் என்று நம்பினேன். எனக்குச் சின்னதாகிப்போன நல்ல கவுன்களை அம்மா பாத்திரக்காரனிடம் போடப் போனால் விடமாட்டேன்.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டில் தங்கை பிறந்தாள். அம்மாவுக்கு ஒத்தாசைக்கு அத்தை வடகரையிலிருந்து வந்து தங்கினாள். பிள்ளை கார்த்திகை நட்சத்திரம். அ, இ, உ, எ என்று நான்கு எழுத்தைச் சொல்லி ஜோசியர் கைகழுவிவிட்டார். அப்பா அப்போதுதான் டச் போன் வாங்கியிருந்தார். ராத்திரி பகலாக அதில் பெயர் தேடினார். அவருடைய நிபந்தனை ஒன்றுதான், அந்தப் பெயர் தென்காசியில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது. இனியா என்றால் எங்கள் தெருவிலேயே இருந்தாள். இலக்கியா என்றால் ஆய்க்குடியில் சித்தப்பா மகள் இருந்தாள். அம்மா சலித்துப்போய், எதையாவது வைத்துத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

அத்தை பிள்ளையைக் குளிப்பாட்டித் தலைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே அம்மாவிடம் சொன்னாள்.

"மைனி, இமாயான்னு வைங்க."

"எங்கட்டி பிடிச்ச இந்தப் பேர?" என்றார் அப்பா.

"எங்கயோ கேட்டதுண்ணே."

அப்பா உடனே போனில் தட்டினார். ஒன்றும் வரவில்லை. இணையத்திலேயே இல்லாத பெயர் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன். தன் பிள்ளைக்கு வைத்திருந்ததை மறந்துபோய் எடுத்து நீட்டிவிட்டாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தலையில் முடியில்லாமல் கத்திக்கொண்டிருந்த இந்தப் பிள்ளைக்கு என் இமாயாவின் பெயரா?

அதற்கு முந்தின மாதம்தான் அத்தை தனியாகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்திருந்தாள். பிள்ளைக்காக இனி மருந்து எடுப்பதால் பிரயோசனம் இருக்காது என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதைப் போனில் மாமாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இதெல்லாம் பல வருஷம் கழித்து அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஆத்திரம் மட்டும்தான்.

பெயர் வைக்கிற நாளில் வாசலில் பெரிய ஃபிளக்ஸ் கட்டினார்கள். எந்த ஊர்ப் பிள்ளையோ, நீலக்கண்ணும் செம்பட்டை முடியுமாக ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ரோஸ் நிறத்தில் 'இமாயா'. வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து வாசித்துவிட்டு ஆளுக்கொரு விளக்கத்தோடு உள்ளே வந்தார்கள். பக்கத்து வீட்டு வாத்தியார் இமயமலையைப் பிடித்தார். மகன் துபாயிலிருக்கும் எதிர்வீட்டு முஸ்லிம் மாமி, எங்க ஆளுகள்லயும் இப்படிப் பேரு உண்டு என்று சந்தோஷப்பட்டாள். அப்பா எல்லோருக்கும் ஆமாம் போட்டார்.

பிள்ளையின் காதில் பெயர் சொல்லுகிற உரிமை அத்தைக்கு. சேலைத் தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்திலேயே நின்றேன். அத்தை குனிந்து, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, வழக்கப்படி மூன்று முறை சொன்னாள். இமாயா. இமாயா. இமாயா. பிள்ளை பெரியதாக ஒரு கொட்டாவி விட்டது. அதைப் பார்த்து அத்தை சிரித்தாள். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள்.

மாமாவின் ரயில் தாமதம். பந்தி நடந்துகொண்டிருந்தபோதுதான் ஆட்டோவில் வந்து இறங்கினார். நான் ஓடினேன். வழக்கமாக என்னைத் தூக்கித் தோளில் போடுகிறவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஃபிளக்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாருட்டி வச்ச பேரு இது?"

"அத்தைதான் மாமா!"

உள்ளே அத்தை அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தீகளா என்று கேட்டாள். ம் என்றார். அத்தனை கூட்டத்தில் வேறென்ன பேசிவிட முடியும்? தங்கைக்கு வாங்கிவந்த வெள்ளிக் கொலுசைப் போட்டுவிட்டு, பாயசம் ஊற்றின இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தார். "மச்சான், வண்டியக் குடுங்க. ரயில்ல வந்த கசகசப்பு போகல, குத்தாலத்துல ஒரு குளி குளிச்சிட்டு வாரேன்" என்று அப்பாவிடம் சாவி வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "வாட்டி" என்றார்.

குற்றாலத்தில் சீசன் முடிந்து கூட்டம் வடிந்திருந்தது. மெயின் அருவியில் தண்ணீர் பாறையோடு ஒட்டினாற்போல் விழுந்துகொண்டிருந்தது. மாமா எனக்குச் சூடாக நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தார். துண்டைத் தோளில் போட்டபடி படியில் உட்கார்ந்தவர் குளிக்கப் போகவே இல்லை. ஒரு குரங்கு என் பொட்டலத்தைக் குறிவைத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. என் கவனமெல்லாம் அதன்மேல் இருந்தது.

"பேரு சொல்லும்போது நீ கிட்டக்கதான் நின்னியோ?" என்று கேட்டார்.

"ஆமா மாமா. தொட்டிலப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"உங்க அத்தை அழுதாளாட்டி?"

எனக்கு அது விநோதமான கேள்வியாகப் பட்டது. பெயர் வைக்கிற வீட்டில் யாராவது அழுவார்களா?

"இல்லயே. சிரிச்சாக."

நல்ல சேதி சொல்லிவிட்ட நிறைவு எனக்கு. அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அருவியைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் சொல்லுகிற மாதிரியும் இல்லாமல் பேசினார்.

"இந்த லீவுல அவளத் திருவனந்தபுரம் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன். எல்லாம் சொல்லி வச்சிட்டுத்தான் வந்தேன். அவளுக்குத் தெரியாது. நேர்ல சொல்லுவோம்னு இருந்தேன்."

"என்னையும் கூட்டிட்டுப் போவீகளா?"

"இனி எதுக்குட்டி. அவ முடிவு பண்ணிட்டா."

திருவனந்தபுரம் என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் போய்விட்டு வந்து, புலியைக் கிட்டத்தில் பார்த்தேன் என்று அளந்த மிருகக்காட்சி சாலை. அங்கே பிள்ளையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மாமாவோடு வேலை பார்த்த மலையாளத்துக்காரர் ஒருவரின் அக்கா அங்கே டாக்டர், அவர் பழைய சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கட்டாயம் கூட்டிவரச் சொல்லியிருந்தார் என்பதெல்லாம் வெகுநாள் கழித்துத்தான் வீட்டில் தெரியவந்தது. அதற்குள் அத்தைக்கு வயது கடந்துவிட்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது விருந்தாட்கள் போய்விட்டிருந்தார்கள். மாமா வண்டியை நிறுத்திவிட்டுத் தின்பண்டம் எதுவும் வேண்டாமென்று மாடிக்குப் படுக்கப் போனார். அத்தை என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். அவர் தலை காய்ந்தே இருந்ததை அவள் பார்த்திருக்கவேண்டும்.

"மாமா குளிக்கலயா?"

"இல்ல."

"என்னட்டி சொன்னாக? பேரப் பத்தி எதுவும் சொன்னாகளா?"

அவள் கேட்ட விதம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஒரு வார்த்தைக்காக நிற்கிறவள் மாதிரி கேட்டாள். ஏன் கொடுத்தாய் என்று அவர் ஒருமுறை கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். மாமா சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது எதுவோ அதை நான் சொன்னேன்.

"பேரப் பத்தி ஒண்ணும் சொல்லல. திருவனந்தபுரத்துல மிருகக்காட்சி சாலை பாக்கக் கூட்டிட்டுப் போலாம்னு இருந்தாகளாம். இனி போகலையாம்."

அத்தை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இந்த வயசுல எங்களுக்கு மிருகக்காட்சி சாலை ஒண்ணுதான் குறைச்சல்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

மாமா பத்து நாளில் லீவை முடித்துக்கொண்டு வண்டியேறினார். அவர் வடக்கேயும் அவள் வடகரையிலுமாக, ஒருவரை ஒருவர் நோகடித்துவிடக்கூடாது என்று இருவருமே பெயரைப் பற்றியோ ஆஸ்பத்திரியைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. எங்கள் ஃபிளக்ஸ் மாதக்கணக்கில் ரோட்டைப் பார்த்துத் தொங்கியது. இப்போது கீழப்பாவூரில் ஓர் இமாயா இருக்கிறாள், செங்கோட்டையில் ஒருத்தி, என் தங்கையின் பள்ளியில் இன்னும் இரண்டு பேர். அப்பா பேடண்ட் பறிபோன மாதிரி புலம்புகிறார். அத்தை மட்டும் என் தங்கையை இன்றுவரை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். தொட்டிலில் அந்த மூன்று முறை சொன்னதோடு சரி.

அன்றைக்கு அடுக்களையில் அத்தை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். குழாயை மூடவே இல்லை. நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். புலியைப் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று.