இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் இரண்டு மணி நேரம்

ஓசூரில், வண்டிகளுக்கு ஒயர்களைக் கட்டாகச் சேர்த்து வயரிங் ஹார்னஸ் செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். டேப்பிங்கில் சேர்ந்து, போர்டு, செக்கிங், லைன் லீடர் என்று போய், இப்போது ட்ரெயினிங் ஹாலில் புதிதாக வருகிறவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கிறேன். வருகிற பெண்களில் பாதிப்பேருக்கு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் என்னிடம் கேட்பது கனெக்டரைப் பற்றி அல்ல. "ரெண்டு சின்னப் புள்ளைங்கள வச்சிக்கினு எப்படிக்கா மிச்சம் புடிச்சீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். அரை மணி நேர இடைவேளையில் சொன்னால் நல்லது மட்டும்தான் சொல்ல முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

1. நாங்கள் மிச்சம் பிடித்த விதம்

என் வீட்டுக்காரர் முனிராஜ், இரும்புத்தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். எனக்கு ஊர் நாகரசம்பட்டி, அவருக்குக் காவேரிப்பட்டினம். இரண்டு பக்கமும் நிலம் கிடையாது, அடுத்தவர் தோப்பில் கூலிக்குப் போன குடும்பங்கள். ஓசூரில் ஒரே வரிசையில் எட்டு வீடு இருந்த காம்பவுண்டில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மனை வாங்க வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பது எங்கள் திட்டம்.

அந்த நாட்களை நினைத்தால் இன்றும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பவித்ராவுக்கும் கார்த்திக்கும் ஒன்றரை வருட வித்தியாசம். கடையில் விற்கும் டப்பா மாவு எதுவும் வாங்கியதில்லை. கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து, மில்லில் கொடுத்து அரைத்து, அதையே கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுத்தேன். டயப்பருக்குப் பதில் பழைய பருத்திப் புடவை. கம்பெனியில் எங்கள் லைனில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. யார் பிள்ளைக்குச் சட்டை சின்னதாகிப்போனாலும் துவைத்து அதில் போடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கார்த்தி போட்ட மஞ்சள் ஸ்வெட்டர் அவனுக்கு முன்னால் நான்கு பிள்ளைகள் போட்டது. ஓசூர்க் குளிருக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்கால டீக்குக் கம்பெனியில் ஒரு பன் கொடுப்பார்கள். அதைத் தின்னாமல் டிபன் பாக்ஸில் வைத்து வீட்டுக்கு எடுத்துப்போவோம். கேன்டீன் பொருளை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது ரூல். ஒருநாள் கேட்டில் செக்யூரிட்டி வரிசையாக எங்கள் பைகளைத் திறந்து பார்த்தார். பதினாறு பேர் பையிலும் பன். அவர் எங்களை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு பாக்ஸையும் அவரே மூடிக் கொடுத்தார். அதற்குப் பிறகு டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னதே இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மிச்சம் ஷிஃப்டில் இருந்தது. எனக்கு ஒரு வாரம் ஆறிலிருந்து இரண்டு, மறுவாரம் இரண்டிலிருந்து பத்து. அவருக்கு ஏழிலிருந்து மூன்று, மறுவாரம் மூன்றிலிருந்து பதினொன்று. இரண்டு பேரும் அவரவர் சூப்பர்வைசரிடம் கெஞ்சி எதிரெதிர் ஷிஃப்ட் வாங்கிக்கொண்டோம். ஒருவர் வேலையில் இருக்கும்போது இன்னொருவர் பிள்ளைகளோடு இருப்போம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் பைசா கொடுக்கவில்லை.

ஒரு இடத்தில் மட்டும் அந்தக் கணக்கு இடித்தது. நான் இரண்டு மணி ஷிஃப்ட் போகும் வாரத்தில் ஒன்றரைக்கே பஸ் பிடிக்க வேண்டும். அவர் வந்து சேர மூன்றரை ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் பக்கத்து வீட்டு மஞ்சுளா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மஞ்சுளா வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவள் வீட்டிலிருந்தே ஒரு துணிக்கடைக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுத்தாள். எப்போதாவது ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுப்பேன். அதற்கே அவள் கூச்சப்படுவாள். நல்ல பெண் கிடைத்தாள் என்று நினைத்தேனே தவிர, அதற்கு மேல் யோசித்ததில்லை.

2. கார்த்திக்குக் காய்ச்சல் வந்த நாள்

மாதம் முழுக்க லீவு போடாமல் வந்தால் அட்டெண்டன்ஸ் போனஸ் உண்டு. ஒரு நாள் தவறினாலும், அரை நாள் தவறினாலும் மொத்தமும் போய்விடும். எங்கள் வீட்டில் அந்தப் பணம் கையில் தங்காது, நேராக மனைக்கென்று தனியாக வைத்திருந்த பாஸ்புக்குக்குப் போகும். பதினான்கு மாதம் ஒரு முறைகூட விடாமல் வாங்கியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே இருந்தது.

அன்றைக்கு மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருந்தது. கார்த்திக்கு ஒன்றரை வயது. காலையிலிருந்தே உடம்பு சுட்டது. கஞ்சியைத் துப்பினான். சிரப் கொடுத்தேன், கொஞ்சம் இறங்கியது. மஞ்சுளாவிடம், சாயங்காலம் அவர் வந்து டாக்டரிடம் கூட்டிப்போவார், அதுவரை பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இறங்கிவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. இறங்கவில்லை. அதை இங்கே மறைக்கப் போவதில்லை.

லைனுக்குள் செல்போன் கூடாது. லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டும். ஐந்தரைக்கு டீ பிரேக். எனக்கு மனசு ஒரு மாதிரியாக இருந்ததால் கேன்டீனுக்குப் போகாமல் நேராக லாக்கருக்குப் போனேன். பதினோரு மிஸ்டு கால். எல்லாம் மஞ்சுளா.

நடந்தது இதுதான். அவர் வேலை பார்த்த பிரஸ்ஸில் அடுத்த ஷிஃப்ட் ரிலீவர் வரவில்லை. ஆள் வரும்வரை ஓட்டு என்று நிறுத்திக்கொண்டார்கள். அவரும் ஓ.டி. கிடைக்கிறதே என்று நின்றுவிட்டார். நாலு மணிக்கு மஞ்சுளா மடியிலேயே கார்த்திக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருக்கிறது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறது. மஞ்சுளாவுக்கு அப்போது ஆறு மாதம். அந்த வயிற்றோடு இவனைத் தோளில் போட்டு, பவித்ராவைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்திருக்கிறாள்.

நான் கூப்பிட்டதும் அவள் போனை எடுத்தாள். அழுதுகொண்டே கிளினிக் பெயரைச் சொன்னாள்.

ஓடிப்போய் சூப்பர்வைசரிடம் கேட் பாஸ் கேட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். போடும்போது வழக்கமாகச் சொல்வதை அவர் வாய் சொன்னது. "அரை நாள்தாம்மா வரும். போனஸ் கட் ஆகும், தெரியும்ல?"

தெரியும் சார் என்று வாங்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடினேன். பிள்ளை எப்படிக் கிடக்கிறானோ என்பதுதான் மனசில். அந்த ஓட்டத்துக்கு நடுவிலும், 'பதினாலு மாசம் விடாம வாங்குனது போச்சே' என்று ஒரு நினைப்பு ஓடியது. ஒரு நொடிதான். ஆனால் ஓடியது. இத்தனை வருடத்தில் நான் வெட்கப்படுகிற விஷயம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வேலைக்குப் போனதை அல்ல. அந்த ஒரு நொடியை.

கிளினிக்கில் கார்த்தி தூங்கிக்கொண்டிருந்தான். நெற்றியில் ஈரத்துணி. இந்த வயதில் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் ஏறினால் இப்படி வரும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டரம்மா. என் யூனிஃபார்மைப் பார்த்துவிட்டு, காய்ச்சல் நேரத்தில் மட்டும் யாராவது ஒருவர் கூடவே இருங்கள் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்குப் போய் விஷயம் கேட்டு, ஆறரைக்கு அவர் வந்தார். உடம்பெல்லாம் ஆயில். பிள்ளையைத் தொடக் கையை நீட்டி, ஆயில் கையைப் பார்த்து மடக்கிக்கொண்டார்.

"மிஷின நிறுத்திட்டு வந்திருக்கணும் செல்வி," என்றார்.

"நானும் பஸ்ஸ வுட்டு எறங்கியிருக்கணும்," என்றேன்.

அதற்கு மேல் நாங்கள் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொள்ளவில்லை.

3. மஞ்சுளா சொன்னது

கார்த்தி இரண்டு நாளில் எழுந்து விளையாட ஆரம்பித்தான். மூன்றாம் நாள் மஞ்சுளா எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, இனிமே என்னால ஆவாதுக்கா. கோவமெல்லாம் இல்ல. பயமா இருக்குது. எதனா ஆயிருந்தா நான் என்னா பதில் சொல்றது?"

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில்தான் எங்கள் வரிசையில் கடைசி வீட்டு அம்மா ஒரு விஷயம் சொன்னார். வலிப்பு வந்தபோது மஞ்சுளா மடியில் ஒரு கஸ்டமரின் பட்டுப்புடவை இருந்திருக்கிறது. கார்த்தி அதில் வாந்தி எடுத்துவிட்டான். அதற்கு அவள் கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறாள், அதோடு அந்தக் கடைக்காரர் புடவை அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புடவைக் காசை அன்றே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றாள். தையல் மிஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். ஆனால் போன வேலையை என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இரண்டு வருடமாக நான் கெட்டிக்காரி, மிச்சம் பிடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். வாரம் விட்டு வாரம், தினமும் இரண்டு மணி நேரம் மஞ்சுளா தைக்காமல் விட்ட கூலிதான் என் பாஸ்புக்கில் ஏறிக்கொண்டிருந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

4. கௌரம்மா

அந்தச் சமயத்தில் எங்கள் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்த கௌரம்மா என்பவரை நிறுத்தியிருந்தார்கள். ஜவளகிரிப் பக்கம், கன்னடக்காரர். நாற்பது வயதுக்குக் கிட்ட. பக்கத்தில் இருப்பது கண்ணுக்கு மங்கலானதால், ஒயர் முனையில் இருக்கும் சின்ன டெர்மினலை கனெக்டருக்குள் சரியாகச் செருக முடியவில்லை, ரிஜெக்ஷன் கூடியது. வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்.

லைனில் என்னைப் போலப் பிள்ளைக்காரிகள் ஆறு பேர் சேர்ந்து அவரைப் போய்ப் பார்த்தோம். நான்தான் பேசினேன். பிள்ளைக்கு மாதம் முந்நூறு தருகிறோம் என்றேன். வழியெல்லாம் நாங்கள் பேசி வைத்த தொகை அது.

கௌரம்மா எங்கள் ஆறு பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"நீங்க லைன்ல நிக்கறது எட்டு அவர். நான் ரெண்டு ஷிஃப்ட் புள்ளைங்களயும் பாக்கணும். ஒயர் கீழ வுழுந்தா எடுத்துக்கலாம், மகு வுழுந்தா? ஐநூறு. ஒண்ணாம் தேதி கைல வரணும். ஞாயித்துக்கிழம லீவு."

மகு என்றால் கன்னடத்தில் குழந்தை. பேரம் பேச வாய் வந்தது. மஞ்சுளா நினைப்பும் கூடவே வந்தது. சரி என்றேன். மற்றவர்கள் என்னை முறைத்தார்கள். வெளியே வந்ததும், வீட்டில் என்ன சொல்வது என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள். அட்டெண்டன்ஸ் போனஸ் முழுதும், அதற்கு மேலும் இதற்கே போய்விடும் என்பது உண்மைதான். போகட்டும் என்றேன்.

கம்பெனி பஸ் ஸ்டாப் பக்கத்தில் ஒரு அறை பிடித்தோம். ஒன்பது பிள்ளைகள். கௌரம்மா கொஞ்சுகிற ஆள் இல்லை. நேரத்துக்குக் களி உருண்டை, நேரத்துக்குத் தூக்கம். கூட்டிப்போக அரை மணிக்கு மேல் தாமதமானால் பத்து ரூபாய் ஃபைன், அதை எங்களிடம் வாங்கிப் பிள்ளைகளுக்கே முட்டை வாங்கிப் போட்டுவிடுவார். யார் பிள்ளைக்கு உடம்பு சுட்டாலும் மற்ற பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே வந்து செக்யூரிட்டியிடம் ஆளைக் கூப்பிடச் சொல்வார். வரும்வரை அங்கிருந்து நகர மாட்டார். என் பிள்ளைகள் இரண்டும் கன்னடம் பேசப் பழகியது அங்கேதான். கார்த்தி தூக்கத்தில் கன்னடத்தில் உளறுவான், அர்த்தம் புரியாமல் நானும் என் வீட்டுக்காரரும் சிரிப்போம்.

மனை இரண்டு வருடம் தள்ளிப்போனது. முதலில் பார்த்து வைத்த ரோட்டோர மனை வேறு ஆளுக்குப் போய், பின்னால் பாறை ஒட்டிய மனைதான் எங்களுக்குக் கிடைத்தது. வீடு கட்டும்போது கடக்கால் தோண்டவே தனியாக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

5. எச்.ஆர். கேபின்

பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போன பிறகு, வேறு பெண்களின் பிள்ளைகள் கௌரம்மாவிடம் வந்தார்கள். அப்போதுதான் கம்பெனிக்குள்ளேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள க்ரெச் திறந்தார்கள். அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய ஆறு பேரும் கௌரம்மாவை அழைத்துக்கொண்டு எச்.ஆர். கேபினுக்குப் போனோம்.

எச்.ஆர். அதிகாரி சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். கௌரம்மா அஞ்சாவதுதான் படித்திருக்கிறார் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "புரியுதும்மா. ஆனா ட்ரெயினிங் சர்டிபிகேட் இல்லாம நான் என்னன்னு ஃபைல்ல எழுதுறது? எக்ஸ்பீரியன்ஸ்னு எதாவது காட்டணும்ல?"

 கேட்டில் அவ்வளவு அதட்டுகிற கௌரம்மா, அந்த ஏ.சி. அறையில் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: "சார், எங்க ஆறு பேரோட ஒம்போது புள்ளைங்க இவங்ககிட்ட வளந்துச்சுங்க. ஒண்ணுக்கும் ஒரு கீறல் இல்ல. நாங்க ஆறு பேரும் கையெழுத்துப் போட்டுத் தரோம். அத ஃபைல்ல வையுங்க."

அவர் யோசித்தார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கொடுத்தார். ஆறு பேரும் எம்ப்ளாயீ நம்பரோடு கையெழுத்துப் போட்டோம். உதவியாளர் என்று எடுத்துக்கொண்டு, சர்டிபிகேட் படிப்பைக் கம்பெனியே படிக்கவைத்தது. இந்த முறை அவர் கான்ட்ராக்டில் இல்லாமல் கம்பெனி ரோலில் வந்தார், பி.எஃப். பிடித்தத்தோடு.

ட்ரெயினிங் ஹாலில் கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். டப்பா மாவைக் குறைங்க, புதுத்துணியைக் குறைங்க, மனை ரெண்டு வருஷம் தள்ளிப்போனாலும் போகட்டும். பிள்ளைக்கு உடம்பு சுடுதுன்னு தெரிஞ்சா போனஸை விட்டுட்டு பஸ்ஸை விட்டு இறங்குங்க. உங்க பிள்ளையப் பாத்துக்கறவங்க கேக்கற சம்பளத்துல மட்டும் பேரம் பேசாதீங்க.