எல்லாப் பேரும் ஒரே அளவு

பாக்கியம் அக்கா போய்விட்டார் என்ற செய்தியை, கோத்தகிரி கடைவீதியில் அவருடைய டைப்பிங் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர் போனில் சொன்னார். அப்போது எங்கள் எஸ்டேட் மாரியம்மன் திருவிழா நோட்டீஸைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் வெட்கம்தான் வந்தது. ஏனென்று எஸ்டேட்டிலேயே இருக்கும் உங்களுக்கும் தெரியும். அன்று கோயிலில் நீங்களும்தானே நின்றிருந்தீர்கள்.

கல்யாணப் பத்திரிகை, மனு, நோட்டீஸ் எதுவானாலும் அக்கா கடைதான். எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் என்ற மிதப்பில், நான் மட்டும் நானே கம்ப்யூட்டரில் அடித்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு போவேன். திரையைப் பார்த்ததும் திட்டு விழும். "ஏனுங்க தம்பி, ஒவ்வொரு வரியாப் புடிச்சுப் பெருசாக்குவீங்களா? இது தலைப்பு, இது பேருன்னு ஸ்டைல் வெச்சிருங்க. ஒரு எடத்துல மாத்துனா அத்தனையும் மாறிக்கும்." தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் என் வழியிலேயே போவேன்.

கோயிலில் அது நடந்தது, தேயிலை விலை விழுந்த வருடம். வாரத்தில் பாதி நாள்தான் வேலை. கடைக்காரர்கள் விளம்பரம் தராததால் திருவிழாப் புத்தகம் ஒற்றைத் தாளாகிவிட்டது. எல்லாம் அதில் அடங்க, அக்கா 'பேரு' ஸ்டைலின் அளவைக் குறைத்தார். உதவியவர்களின் பெயர்கள் மொத்தமும் நொடியில் சுருங்கின. மேனேஜர் பெயரும், விழாச் செயலாளரான என் பெயரும் மட்டும் அசையவில்லை. அவற்றை நான் முன்பே தனியாகப் பெரிதாக்கித் தடிமனாக்கி வைத்திருந்தேன்.

"உங்க பேரு மட்டும் சொன்ன பேச்சு கேக்க மாட்டீங்குது. எறக்கிரட்டுங்களா?" என்றார்.

"இருக்கட்டுங்க்கா, மேனேஜர் ஏதாச்சும் சொல்லுவாரு" என்றேன். மேனேஜர் எதுவும் கேட்டிருக்கவில்லை. ஆசை என்னுடையது.

கோயிலில், கொழுந்து பறிக்கும் மாரியாயி அம்மா தாளைக் கண்ணருகே வைத்துத் தேடினார். "பெரியவங்க பேரு தூரத்துலயே தெரியுதுங்க. எம்பேரு எங்கீங்க?" கூட்டம் சிரித்தது. என் முகம் எரிந்தது. அக்கா சிரிக்கவில்லை. கடுகுபோல் கிடந்த அந்தப் பெயரை விரல் வைத்துக் காட்டி, எல்லோருக்கும் கேட்க வாசித்தார். பக்கத்தில் அவருடைய பெயரும் அதே கடுகு அளவில்தான் இருந்தது. திரும்பும் வழியில், "எல்லாரும் ஒரே சாமிக்குத்தானுங்க தம்பி செஞ்சோம்" என்றார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது செய்தி கேட்டதும் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டீஸில் அவர் பெயரைப் பிடித்துப் பெரிதாக்கினேன், தடிமனாக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறுகணம் கூசிப்போனேன். இத்தனை சொல்லியும், அவருக்கே அதைச் செய்கிறேன். போட்டதையெல்லாம் நீக்கிவிட்டு 'பேரு' ஸ்டைலைக் கொடுத்தேன். அக்கா கொழுந்து பறிப்பவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டார்.

திருவிழாவன்று மாரியாயி அம்மா தன் பெயரைத் தானே கண்டுபிடித்துவிட்டார். "அக்கா பேரு எங்கீங்க?" என்றார்.

"உங்க பேருக்குப் பக்கத்துலதானுங்க" என்று விரல் வைத்துக் காட்டி வாசித்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு ஸ்டைல்தான். இந்த வருடம் என் பெயரை நானே தேடித்தான் கண்டுபிடித்தேன்.