பால்கனியில் மாட்டிக்கொண்ட வீட்டுக்காரம்மா

"அண்ணா, நீங்க போய் வீடு பிடிச்சிருக்குன்னு சொல்லணும். அவ்ளோதான். அளக்காதீங்க."

நீஷ் நகரத்திலிருந்து தொலைபேசியில் தங்கை நெவேனா இதை மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் விதோயே "சரி, சரி" என்றார். சொல்லிக்கொண்டே அளவு டேப்பைப் பைக்குள் போட்டார். சுத்தியலையும் போட்டார். சுத்தியல் எதற்கு என்று அப்போது கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்காது. முப்பத்துநாலு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சுத்தியல் இல்லாமல் வெளியே போனால் கை ஓடாது.

அவருக்குப் படிப்பு தொழிற்பள்ளியோடு சரி. பதினேழு வயதில் அப்பா போனதும் லிஃப்ட் குழிக்குள் இறங்கினார். தங்கை பல் மருத்துவர் ஆகிப் பட்டம் வாங்கிய பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பட்டமளிப்புப் படம் அவர் பணப்பையில் அடையாள அட்டைக்கு முன்னால் இருக்கும். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் கதவிடுக்கு வழியாக முதலில் அந்தப் படம்தான் போகும். "பயப்படாதீங்க, இது என் தங்கச்சி, பல் டாக்டர்" என்பார். பாவம், அவர்களால் எங்கே ஓட முடியும்?

இப்போது அந்தத் தங்கைக்குத் தலைநகர் பெல்கிரேடில் வேலை கிடைத்திருந்தது, தோர்ச்சொல் பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில். தோர்ச்சொலில் வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். லிண்டன் மரங்கள் நிற்கும் பழைய தெருக்கள், உள்முற்றம் வைத்த நூறு வயது வீடுகள், நடக்கிற தூரத்தில் பள்ளிக்கூடம், பூங்கா. ஒரு குடும்பம் உள்ளே வந்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும்வரை நகராது. நெவேனாவின் சின்னவன் ரெல்யா செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பு. இந்த வீடு அமைந்தால் தெருமுனைப் பள்ளியில் இடம். அமையாவிட்டால் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு மூலை, இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம்.

வாடகையெல்லாம் பேசி முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது வீட்டுக்காரம்மாவின் மனசு மட்டும். ரோசாந்தாம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. அந்தக் கட்டடத்தில் குடியிருப்போர் குழுவுக்குத் தலைவி. எதிர்வாசலில் குடியிருந்தாள். காலியாய்க் கிடந்தது அவளுடைய சித்தியின் வீடு. அதே வீட்டைக் கேட்டு வெளிநாட்டுக் கம்பெனிக்காரர் ஒருவரும் வந்திருந்தார். அவருக்கு அன்று மாலை ஆறு மணிக்குப் பதில் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். நெவேனா பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள்; வீடு பார்க்க ரோசாந்தாம்மா வரச் சொன்ன மூன்று மணிக்கு அவளால் வந்து சேர முடியாது. அதனால்தான் அண்ணன். வாழ்நாள் முழுக்கத் தங்கைக்கு இவர்தான் வேலை சொல்லியிருக்கிறார். தங்கை இவருக்குச் சொன்ன முதல் வேலை இது.

மூன்று மணிக்குப் போனார். வாசலில் ஒட்டியிருந்த வீட்டு விதிகளை நின்று முழுக்கப் படித்தார். 'பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை அமைதி நேரம். சுத்தியல், துளைப்பான், பாட்டு, சாமான் இழுத்தல் கூடாது.' கீழே ரோசாந்தாம்மாவின் கையெழுத்து. அமைதி நேரம் நாட்டில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அடியில் இரண்டு கோடு போட்டு எழுதியதை அவர் இங்கேதான் பார்த்தார். 'நம்ம ஆளு' என்று மனசுக்குள் பாராட்டிக்கொண்டார்.

"வாங்க மேஸ்திரி. லிஃப்ட் வேலைன்னு தங்கச்சி சொல்லிச்சு. இங்க லிஃப்டே கிடையாதே, பொழுது எப்படிப் போகும் உங்களுக்கு?" என்று வரவேற்றாள் ரோசாந்தாம்மா.

"பிடிச்சிருக்கும்மா" என்றார் விதோயே, இன்னும் நடையைத் தாண்டாமலே.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. ரோசாந்தாம்மா காபி கொதிக்க வைக்கப் போனாள். நான்கு நிமிஷம் ஒரு காலி வீட்டில் சும்மா நிற்பது விதோயேவால் ஆகாத காரியம். டேப் வெளியே வந்தது. நோட்டு வெளியே வந்தது. அதில் இருபத்தேழு கேள்விகள், எண் போட்டு. பிறகு லைட்டரை ஏற்றி உயரப் பிடித்தார். தீ, தெருப்பக்க ஜன்னலிலிருந்து முற்றத்துப் பக்கம் சாய்ந்தது.

குறுக்குக் காற்று!

எதிரெதிர் ஜன்னல் திறந்திருந்தால் நடுவில் ஓடுகிற இந்தக் காற்றுக்கு அந்த ஊரில் பயப்படாத மனிதன் கிடையாது. கழுத்துப் பிடிப்பு, காது வலி, சிறுநீரகக் கோளாறு, கைகூடாத கல்யாணம் வரைக்கும் அதன் தலையில் கட்டுவார்கள். பல் மருத்துவம் படித்த தங்கை இதைக் கேட்டுச் சிரிப்பாள். விதோயே சிரிக்கமாட்டார். அவருக்கு ரெல்யாவின் கழுத்துதான் கண்ணில் தெரிந்தது.

"அம்மா, இந்த வீட்ல குறுக்குக் காத்து இருக்கு."

ரோசாந்தாம்மா காபிப் பாத்திரத்தோடு வந்து நின்றாள். ஒரு மனிதரிடம் அவர் மகன் திருடன் என்று சொன்னால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தாள்.

"என் சித்தி இந்த வீட்ல தொண்ணூத்தோரு வயசு வரைக்கும் இருந்தாங்க. கழுத்து கடைசி வரைக்கும் ரெண்டு பக்கமும் திரும்பிச்சு. அது குறுக்குக் காத்து இல்ல மேஸ்திரி, நல்ல காத்து."

"லைட்டர் பொய் சொல்லாதும்மா."

"அப்ப லைட்டரையே குடி வைக்கிறேன்" என்று காபிப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, பூத்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் முற்றத்துப் பால்கனிக்குப் போய்விட்டாள். கோபத்தை ஆற்றிக்கொண்டு வரத்தான் போனாள்.

வாய் கெடுத்ததைக் கை சரிசெய்யும் என்று விதோயே நம்பினார். இரண்டு பக்கமும் திறந்திருந்தால்தானே குறுக்குக் காற்று? ஒரு பக்கத்தை மூடிவிட்டால் வீட்டின் மானமும் தப்பும், இவர் சொன்னதும் சரியாகும். பால்கனிக் கதவைச் சாத்தினார். நூறு வருஷக் கதவு. மழையில் ஊறிப் பெருத்திருந்தது. இழுத்து அழுத்தினார். 'டொக்' என்று தாழ் விழுந்தது. கைப்பிடி அவர் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த இரும்புக் கம்பி பாதியில் முறிந்து, கதவின் வயிற்றுக்குள் எங்கோ கலகலவென்று இறங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோசாந்தாம்மா, பூவாளியோடு. இந்தப் பக்கம் விதோயே, கைப்பிடியோடு.

"என்ன மேஸ்திரி?" கதவின் மேல் சிறு ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது, குரல் அதன் வழியாக வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. குறுக்குக் காத்தை நிறுத்திட்டேன்."

முப்பத்துநாலு வருஷத்தில் ஆயிரம் பேரையாவது வெளியே எடுத்திருப்பார். ஒருவரை மாட்ட வைத்தது இதுதான் முதல் தடவை. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள், தங்கையின் வீட்டுச் சாவியைக் கையில் வைத்திருப்பவள்.

கதவை ஆராய்ந்தார். வழி இருந்தது. கீல்களின் ஆணியைக் கீழிருந்து மேலாகத் தட்டி எடுத்தால் கதவே கழன்று வந்துவிடும். பெயிண்ட் ஏறி இறுகியிருந்தது. ஏழெட்டு அடி, நல்ல அடி, விழவேண்டும். சுத்தியலை எடுத்து ஓங்கினார்.

"நிறுத்துங்க!" என்றாள் ரோசாந்தாம்மா. "மணி என்ன?"

"மூணு இருபதும்மா."

"வாசல்ல என்ன எழுதியிருக்கு?"

விதோயே சுத்தியலை இறக்கினார். "மூணு முதல் அஞ்சு வரை."

"யார் கையெழுத்து?"

"உங்க கையெழுத்து."

"மாடியில குழந்தை தூங்குது. கீழ ராத்திரி வேலை முடிச்சு வந்தவன் தூங்கறான். இருபது வருஷமா நான் எத்தனை பேர் கதவைத் தட்டி 'சத்தம் போடாதே'ன்னு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? இன்னிக்கு என் வீட்ல சுத்தியல் சத்தம் கேட்டா ஊரே கை தட்டும். அஞ்சு மணிக்கு எடுங்க."

பக்கத்து வீட்டுக்காரி பெர்சிதா தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு பால்கனிக்கும் நடுவில் கூர் வைத்த இரும்புத் தடுப்பு.

"என்னடி, பால்கனியைத் தனியா வாடகைக்கு விட்டுட்டியா?"

"வாயை மூடிட்டு ஒரு காபி குடு."

"தாண்டி வாயேன் இந்தப் பக்கம்."

"இந்த வயசுல சர்க்கஸ் காட்டவா? காபி, ஒரு நாற்காலி, ஒரு சிகரெட். சீக்கிரம்."

மூன்றும் தடுப்புக்கு மேலாக வந்தன. ரோசாந்தாம்மா கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்தாள். விதோயேவும் ஒரு நாற்காலி இழுத்தார், இல்லை, தூக்கினார். சாமான் இழுத்தலும் விதியில் இருந்தது. அதை அவள் கவனித்தாள்.

"உங்க நோட்டுல என்ன?"

"கேள்விங்கம்மா. இருபத்தேழு."

"நானும் எங்கயும் போகப்போறதில்ல. கேளுங்க."

கேட்டார். தண்ணீர் அழுத்தம், நிலவறையில் விறகு வைக்கிற இடம், எலி. ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு புகை விட்டுப் பதில் சொன்னாள். பதினெட்டாவது கேள்விக்குப் பிறகு, "இப்ப நான் கேக்கறேன். பிள்ளைங்க எப்படி?" என்றாள்.

இப்படி ஒரு கேள்வி வந்தால் விதோயேவுக்குக் கண் மண் தெரியாது. பணப்பையிலிருந்த படம் கண்ணாடியில் ஒட்டி நின்றது. தங்கையின் மதிப்பெண்களைச் சொன்னார். ரெல்யா நூறு வரை எண்ணுவதைச் சொன்னார். பிறகு ரெல்யாவின் அக்கா கலினாவுக்கு வந்தார்.

"பதினோரு வயசுதான்மா. அக்கார்டியன் வாசிச்சா நீஷே நின்னு கேக்கும். மாவட்டப் போட்டியில முதல் பரிசு. தினம் ரெண்டு மணி நேரம் பயிற்சி!"

"ஓஹோ. எப்போ?"

"ஸ்கூல் விட்டு வந்ததும். ஒரு மூணு மணியிலேருந்து..."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. அது உண்மையா என்றுகூட அவருக்குத் தெரியாது. என்றைக்கோ ஒரு மத்தியானம் நீஷுக்குப் போனபோது அவள் வாசித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு வெளியே ரோசாந்தாம்மா சிகரெட்டை அணைத்தாள்.

"மெதுவா வாசிப்பாம்மா" என்றார் விதோயே.

"அக்கார்டியனை?"

"ரொம்ப மெதுவா."

பெர்சிதா தன் பால்கனியில் இருமினாள். சிரிப்பை அடக்குகிற இருமல். ரோசாந்தாம்மா சிரிக்கவில்லை. "அந்தக் கம்பெனிக்காரர் ஆறு மணிக்கு வருவார்" என்றாள். "ஒண்டி ஆள். எந்த வாத்தியமும் கிடையாது." அதன் பிறகு அவள் பூத்தொட்டியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

மணி நாலு பத்து. வாழ்க்கையில் விதோயே உட்கார்ந்திருந்த எந்த லிஃப்ட் குழியும் இவ்வளவு ஆழமாக இருந்ததில்லை. ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்றாள் தங்கை. அந்த வார்த்தையை வந்ததும் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் தான் பேசிய ஒவ்வொன்றும் தங்கையை ஒரு தெரு தள்ளி ஒரு தெரு தள்ளி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டதாக அவருக்குத் தோன்றியது. இதைப் பிற்பாடு அவரே யாரிடம் சொன்னாலும், "அன்னிக்கு எனக்கு ஊமையாப் பொறந்திருக்கலாம்னு இருந்துச்சு. தொழிலுக்கும் அது போதும்" என்பார்.

நாலே முக்காலுக்கு நெவேனா வந்தாள். ஒரு கையில் ரெல்யா. பின்னால் கலினா, முதுகில் அக்கார்டியன் பெட்டி.

"அண்ணா... யாரு அது வெளிய?"

"வீட்டுக்காரம்மா."

"எதுக்கு வெளிய?"

விதோயே கைப்பிடியைக் காட்டினார். நெவேனா அதைப் பார்த்தாள், மேசையில் கிடந்த டேப்பைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியருகே போய், "வணக்கம்மா. நான் நெவேனா. இவர் தங்கச்சி. ரொம்ப வெக்கமா இருக்கு" என்றாள்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் வெக்கப்படும்மா. அஞ்சு மணிக்கு வந்து பேசறேன்."

ஐந்து அடித்ததும் சுத்தியல் அடித்தது. எட்டு அடி. கதவை முழுசாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தார் விதோயே. அதில் ஒரு கீறல்கூட இல்லை. ரோசாந்தாம்மா உள்ளே வந்து, நேராகக் கலினாவின் முன் நின்றாள்.

"எப்பம்மா வாசிப்ப?"

"ஆறு மணிக்கு. வீட்டுப்பாடம் முடிச்சப்புறம்" என்றாள் கலினா.

"முதல் பரிசாமே?"

"மூணாவதும்மா" என்றாள் நெவேனா. "நாலு பேர்தான் கலந்துக்கிட்டாங்க. அண்ணன் சொன்னா அப்படித்தான் ஆயிடும்."

விதோயே சுத்தியலைப் பைக்குள் வைப்பதில் மிகவும் மும்முரமானார்.

"பிள்ளைங்க சத்தம் எனக்குப் பிரச்சினை இல்ல" என்றாள் ரோசாந்தாம்மா. "முற்றம் அதுக்குத்தான் இருக்கு. பகல் தூக்கத்தை மதிக்கிற வீட்டு மனுஷங்களா, அதுதான் எனக்குத் தெரியணும். உங்கண்ணன் சுத்தியலைக் கையில வெச்சுக்கிட்டு ஒண்ணே முக்கால் மணி நேரம் சும்மா உக்காந்திருந்தார். அந்தக் கம்பெனிக்காரர் போன வாரம் நாலு மணிக்கு சக்கரப் பெட்டியை ரெண்டு மாடியும் படிப்படியா இடிச்சுக்கிட்டு ஏறினார்." கொஞ்சம் நிறுத்தினாள். "வீட்டைக் குடுக்கறதுல எனக்கு ஒரே பயம்தான். இவர் அடிக்கடி வருவாரா?"

விதோயேதான் முந்திக்கொண்டார். "நான் வரவே மாட்டேன்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம், புது பெல்கிரேடுல இருக்கேன். ரொம்பத் தூரம். பண்டிகைக்கு ஒரு தடவை, வாசலோட போயிடுவேன்."

"பொய் சொல்றார்மா" என்றாள் நெவேனா. "ஒரே பஸ். தினம் வருவார். ஜன்னலைச் சாத்துவார், பிள்ளைங்களுக்குக் கழுத்துல துணி சுத்துவார். நான் பெல்கிரேடுக்கு வர்றதே அதுக்காகத்தான். அவர் வரக்கூடாதுன்னா எனக்கு இந்த வீடு வேண்டாம்மா."

ரெல்யா மாமாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ரோசாந்தாம்மா அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டபடி நடைக்குப் போய், செருப்பு அலமாரியைத் திறந்து குனிந்தாள்.

"எல்லாம் சித்தியோடது. சின்னச் சின்னதா இருக்கு" என்றாள் அங்கிருந்தே. "தினம் வர்றவருக்கு வீட்டுக்குள்ள போட்டுக்க ஒரு செருப்பு இல்லாம எப்படி? உங்க கால் அளவு என்ன மேஸ்திரி?"

கேட்கப்பட்டது ஒரு அளவு. உலகத்தில் அவர் தயங்காமல் சொல்லக்கூடிய ஒரே விஷயம். ஆனால் விதோயே மேசையில் கிடந்த டேப்பைக் கையில் எடுத்தார், மறுபடி வைத்தார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சு" என்றாள் நெவேனா.